பதினோரு பூஜ்யங்கள்: ஒரு தேவராய்க்கு இரண்டு பயணங்கள்

கீழே வருபவை, வரிசையாக:

1. ஏன் போனேன், எப்போது போனேன்.
2. முதல் பயணம்: 1983 பிப்ரவரி, ஜீப்பில், மூன்று பேர்.
3. தோல் பொருள்களைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு காட்டை அளந்தது.
4. இரண்டாம் பயணம்: 1986 நவம்பர், பஸ்ஸில், மனைவியுடன்.
5. வெளிநாட்டு நிபுணர்களுக்கு நம் காடு ஏன் புரிவதில்லை என்பது பற்றி என் கருத்து.
6. போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

பட்டியல் போடாமல் எழுத எனக்கு வராது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற மாதம் இந்த இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: பூனாவிலிருந்து பீமாசங்கர் மலைப்பக்கம் இருக்கும் தேவராய்களை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? தேவராய் என்றால் சாமிக்கு விட்ட காடு. நம் பக்கம் கோயில்காடு என்கிறோமே, அதுதான். அதே வாரம், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றும் நம்மவர்களும் சேர்ந்து அந்த மலைகளில் காடு காக்கும் வேலை தொடங்கப்போவதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. இரண்டையும் ஒரே நாளில் படித்தேன். எனக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். அதை எழுதிவிடலாம், யாருக்காவது பயன்படும் என்று உட்கார்ந்தேன். பயன்படுமா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பூனாவில் கேம்ப் என்கிற ராணுவக் குடியிருப்புப் பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்தார். நான் அங்கேயே பிறந்து படித்து, புள்ளியியலில் பட்டம் வாங்கினேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கூட்டு வனத் திட்டத்தில் புள்ளிவிவர உதவியாளன் ஆனேன். ஐரோப்பாவின் வடக்கே உள்ள ஒரு நாடு பணமும் நிபுணர்களும் தரும். நம் பக்கம் நிலமும் ஆட்களும் தருவோம். கிராமத்துக்குப் பக்கத்திலேயே விறகுக்கும் தழைக்கும் மரம் வளர்த்துக் கொடுத்துவிட்டால் மலைக்காட்டில் கோடரி விழாது என்பது யோசனை. நல்ல யோசனை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நாட்டின் பெயரையும் கிராமத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை.

முதல் பயணத்துக்கு நான் போயிருக்கவே கூடாது. மொழிபெயர்க்கப் போக வேண்டியவர் சங்கம்னேர்க்காரர் ஒருவர். அவருக்கு மஞ்சள்காமாலை. அலுவலகத்தில் ஆங்கிலம் சுத்தமாகப் பேசுகிறவன் என்று என்னை அனுப்பினார்கள். என் மராட்டி கேம்ப் கடைவீதி மராட்டி. அதோடு இலாகா தேர்வுக்குப் படித்த மராட்டி. மலைக்கிராமத்துக்கு அது போதுமா என்று யாரும் கேட்கவில்லை. போதாது என்று நானும் சொல்லவில்லை.

1983 பிப்ரவரி, புதன்கிழமை, காலை 6.10க்கு சிவாஜிநகரிலிருந்து ஜீப் புறப்பட்டது. ஓட்டுநர் ஷிண்டே, சதாராக்காரர், வாய் ஓயாதவர். என்னை ‘அண்ணா’ என்பார். பூனாவில் தெற்கத்திக்காரர்கள் எல்லோரும் ‘அண்ணா’தான், என்னைவிட அவர் பெரியவரா சின்னவரா என்பது கடைசிவரை தெரியாது. முன்சீட்டில் ஹென்ரிக், வெளிநாட்டு நிபுணர், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆறடிக்கு மேல் உயரம். மடித்த முழங்கால் ஜீப்பின் டேஷ்போர்டில் இடித்துக்கொண்டே வந்தது. அதிகம் பேசமாட்டார். கேட்டால் பதில் வரும்வரை காத்திருப்பார். அதுவே எனக்குச் சங்கடமாக இருக்கும்.

சாக்கணில் 7.05க்கு டீ. மஞ்சர் 60 கிலோமீட்டர், 8.20. அங்கே நாசிக் சாலையை விட்டு இடதுபக்கம் திரும்ப வேண்டும். கோடேகாவ் இன்னும் 15 கிலோமீட்டர், 8.50. அதற்கப்புறம் மலைச்சாலை 20 கிலோமீட்டர். சாலை என்பது மரியாதைக்கு. 10.00 மணிக்கு ஜீப் நின்ற இடத்திலிருந்து ஐம்பது நிமிடம் ஏற்ற நடை. பிப்ரவரி மாதம் மலைகள் மொட்டையாக, துணி உரித்ததுபோல் மஞ்சளாக இருந்தன. அந்த மஞ்சளின் நடுவே, ஒரு மடிப்பில், கறுப்பாக ஒரு திட்டு. ஹென்ரிக் நின்று பார்த்தார். அதுதான் தேவராய் என்றேன். அதுவரை நானும் பார்த்ததில்லை.

குடியிருப்பில் இருபது முப்பது வீடுகள். காட்டின் விளிம்பில் எங்களுக்காகக் காத்திருந்தவர் கோண்டாபாய். ஐம்பத்தைந்து வயதிருக்கும், சிறிய உருவம், பச்சைப் புடவை, கால் பெருவிரல் நகம் ஒன்று இல்லை. அந்தக் காட்டுக்குள் இருக்கும் தேவிக்கு விளக்கேற்றுவது அவர் வீட்டு முறை. கணவர் இறந்தபிறகு அவரிடம் வந்திருந்தது. ஊரார் தேவியை ஆயி என்கிறார்கள், அம்மா என்று. உள்ளே போகலாமா கூடாதா என்பதை ஊர்ப் பெரியவர்கூடச் சொல்லமாட்டார். ஆயியைக் கேட்டு கோண்டாபாய்தான் சொல்வார்.

கேட்கும் விதம் இது. எண்ணெய் ஊறிக் கறுத்த கல் ஒன்று. அதன் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்றாக ஈரப் பூவிதழ்களை ஒட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். வலது முதலில் விழுந்தால் சம்மதம். கௌல் என்று பெயர். நான் மணி பார்த்தேன்: இருபத்தைந்து நிமிடம். ஷிண்டே என் காதருகே வந்து, “நம்ம ஆபீஸ்லயும் ஃபைல் இப்படித்தான் ஒட்டிட்டு நிக்குது அண்ணா. இங்கயாவது ஒரு பக்கம் விழும்” என்றார். விழுந்தது. வலது.

அதற்குப்பின் இன்னொரு நிபந்தனை. தோல் எதுவும் உள்ளே வரக்கூடாது. செருப்பு, பெல்ட், மணிபர்ஸ், என் கைக்கடிகாரத்தின் வார். எல்லாவற்றையும் ஒரு பாறையில் வைத்தோம். திட்டத்தின் முப்பது மீட்டர் அளவு நாடா தோல் உறையில் இருந்தது. உறையோடு தைத்த நாடா, பிரிக்க முடியாது. அதுவும் பாறைக்குப் போனது. அளக்க வந்தவர்களிடம் அளவுகோல் இல்லை. கோண்டாபாய் வீட்டிலிருந்து மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஹென்ரிக் அதில் முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டார். பெல்ட் இல்லாத அவருடைய கால்சட்டை இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கயிற்றை அடிமரத்தைச் சுற்றிக் கொண்டுவர முயன்றார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோண்டாபாய் மட்டும் பொத்தவில்லை. “கோராவுக்கு ஒரு கையை ஆயி கட்டிப்போட்டுட்டா” என்று உரக்கவே சொல்லிச் சிரித்தார். கோரா என்றால் வெள்ளைக்காரர். அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தேன். ஹென்ரிக்கும் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

உள்ளே எப்படியிருந்தது என்று எழுத எனக்கு வார்த்தை போதாது. குளிர்ச்சி. நாவல், கடுக்காய், பெயர் தெரியாத எத்தனையோ. தொடை பருமனுக்குக் கொடிகள் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயிருந்தன. காலடியில் சருகு கணுக்கால்வரை புதைந்தது. வெறுங்காலுடன் நடந்ததால் அடியில் ஈரம் இருப்பது தெரிந்தது. பிப்ரவரியில், அந்த மொட்டை மலையில்.

பிறகு, வெளியே வந்து கடிகாரத்தைக் கட்டிக்கொண்டபின், படிவம். அதைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காட்டுத்துண்டுக்கும் ஒரு தாள். மக்கள் அங்கிருந்து என்ன எடுக்கிறார்கள் என்பதற்குப் பதினோரு கட்டங்கள்: விறகு, கரி, வீட்டு மரம், ஏர் மரம், மூங்கில், தழை, புல், தேன், கடுக்காய், பழம், மூலிகை. வாரத்துக்கு எத்தனை சுமை, அல்லது பருவத்துக்கு எத்தனை கூடை. எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக்கூடாது. ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம் போட வேண்டும். இந்த விதி என்னுடையது. வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால், கேட்காமல் விட்டார்களா, கேட்டு இல்லை என்றார்களா என்று பின்னால் தெரியாது அல்லவா? கூட்டத்தில் நான் பேசிய ஒரே யோசனை அது. ஹென்ரிக் எழுந்து கைகொடுத்தார். கட்டங்களுக்குக் கீழே ‘வேறு செய்திகள்’ என்று நான்கு வெற்று வரிகள். அதற்கும் கீழே பதில் சொன்னவரின் கையெழுத்து அல்லது கைரேகை.

விறகு எவ்வளவு என்று கேட்டேன். கோண்டாபாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“எடுக்கிறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல பாவ். விழுந்த சுள்ளியும் ஆயியோடது. அவ குடுக்கிறதத்தான் நாங்க வாங்கிக்கிறோம். கீழ வந்து பாரு, தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு.”

பாவ் என்றால் உடன்பிறந்தான். அதன்பிறகு அவர் நெடுநேரம் பேசினார். கையைக் கீழே காட்டினார், மேலே காட்டினார், சருகை அள்ளிப் பிழிவதுபோல் காட்டினார். காட்டுக்குக் கீழே ஓர் ஊற்று, எந்தக் குடியிருப்புகள் அதில் குடிக்கின்றன, எந்த மாதத்தில் அது மெலியும், முன்பு ஒருவர் கிளை வெட்டியபோது என்ன ஆனது. இவ்வளவு நான் பிடித்துக்கொண்டேன். பாதி புரிந்தது. மீதியைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வெட்கமாக இருந்தது. சுற்றி இருபது பேர், பக்கத்தில் ஷிண்டே.

கோண்டாபாய் நிறுத்தியதும் ஹென்ரிக், என்ன சொல்கிறார் என்று கேட்டார். அவர்கள் இங்கிருந்து எதுவும் எடுப்பதில்லை, வழிபாட்டுக்கு மட்டும்தான் என்றேன்.

“இவ்வளவு நேரம் பேசினாரே?” என்றார்.

“சாமிக் கதைகள்” என்றேன்.

கீழே ஏதோ காட்டினாரே, போய்ப் பார்க்கலாமா என்றும் கேட்டார். மணி 1.40. அடுத்த கிராமத்துக்கு 3.00 என்று அட்டவணையில் நான்தான் போட்டிருந்தேன். நேரமில்லை என்றேன். பதினோரு கட்டங்களிலும் பூஜ்யம் போட்டேன். ‘வேறு செய்திகள்’ என்ற இடத்தில் ‘சமயத் தலம்’ என்று இரண்டு சொல் எழுதினேன். கோண்டாபாய் கட்டைவிரலை மையில் ஒற்றி, நான் காட்டிய இடத்தில் அழுத்தமாக வைத்தார். பாக்ரி என்கிற கேழ்வரகு ரொட்டியும் மிளகாய்த் துவையலும் கொடுத்தார். ஜீப்பில் சாப்பிட்டோம். காரம் தாங்காமல் ஹென்ரிக்குக் கண்ணில் நீர் வந்தது.

அந்தக் கோடையில் ஹென்ரிக் பணிக்காலம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். அடுத்த ஜனவரியில் எனக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. தான் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற காடு எப்படியிருக்கிறது என்று கேட்டிருந்தார். நலமாக இருக்கிறது என்று பதில் எழுதினேன். அப்போது அது உண்மை.

1984 இறுதியில் நாற்று நடத் தகுந்த இடங்களின் பட்டியல் தயாரானது. குழு ஒன்று விதி வகுத்தது: ரெவின்யூ பதிவில் தரிசு என்று இருந்து, மக்கள் எதுவும் எடுக்காத இடமானால் முதலில் எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் இழப்பில்லை. நியாயமான விதிதான். அந்தத் தேவராயின் நிலம் பழைய பதிவில் தரிசு என்றே இருந்தது. எடுப்பது பூஜ்யம். பட்டியலைக் கூட்டல் சரிபார்க்க என்னிடம் அனுப்பினார்கள். மூன்றாவது பக்கத்தில் அந்தக் கிராமத்தின் பெயரைப் பார்த்தேன். எழுந்து பிரிவு அதிகாரியின் அறைவரை போனேன். அவர் தொலைபேசியில் இருந்தார். வாசலில் நின்றேன். என்னைப் பார்த்து, என்ன என்பதுபோல் புருவம் உயர்த்தினார். அப்புறம் வருகிறேன் என்று கையால் காட்டிவிட்டுத் திரும்பினேன். கூட்டல் சரியாக இருந்தது. சுருக்கொப்பம் போட்டு அனுப்பினேன். அப்புறம் நான் போகவில்லை.

அந்த வேலை பற்றி யோசிக்காமல் இரண்டு வருடம் இருந்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் எதுவும் செய்யாமல் இருந்தேன். 1986 அக்டோபரில் ஷிண்டே என் மேஜைக்கு வந்தார். நாற்று ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்வந்திருந்தார்.

“அண்ணா, பேண்ட் பிடிச்ச கோராவோட போனோமே, அந்தக் காட்டுல பாதி போச்சு. நிலகிரி வெச்சிருக்காங்க. ஊர்ல அந்த அம்மாகிட்ட யாரும் பேசறதில்ல. அவதான் கைநாட்டு வெச்சுக் குடுத்துட்டாளாம்.”

வீட்டில் சொன்னேன். என் மனைவி எஸ்தர் கேம்பில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலையில் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே முழுவதும் கேட்டாள். “அந்தம்மாட்டப் போயி, நீ சரியாத்தான் சொன்ன, நாந்தான் சரியா எழுதலன்னு நாலு பேர் முன்னால சொல்லிட்டு வாங்க. நானும் வாரேன். தனியா விட்டா மஞ்சர் ஸ்டாண்டுலயே திரும்பிருவீங்க” என்றாள். அவள் என்னை அறிந்தவள்.

ஆக, இரண்டாம் பயணம். 1986 நவம்பர், சனிக்கிழமை. கேம்பிலிருந்து சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்கு ரிக்ஷா ஐந்து ரூபாய். 6.30 பஸ் 6.50க்குப் புறப்பட்டது. கோடேகாவ் வரை ஆளுக்கு ஒன்பது ரூபாய் சொச்சம், 9.40க்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து மலைக்குப் போகும் பஸ் 10.30. வழியில் அணை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். லாரிகளுக்காக இருபது நிமிடம் நின்றோம். 12.05க்கு இறங்கினோம். இருவருமே ரப்பர் செருப்பு. தோல் இல்லாமல் போக வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. எஸ்தருக்காக மெதுவாக ஏறினோம், 1.10 ஆயிற்று.

கறுப்புத் திட்டின் மேல்பாதி அப்படியே இருந்தது. கீழ்ப்பாதி இருந்த சரிவில் நேர்நேராக வரிசைகள், இரண்டு மீட்டருக்கு ஒரு கன்று, இடுப்புயரம். தைல மரம். அங்கே அதற்கு நிலகிரி என்றுதான் பெயர். ஒரு கன்றுகூட வரிசை பிசகவில்லை. வெட்டிய அடிமரங்கள் சில மண்ணோடு மண்ணாக இருந்தன. ஊற்றை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பாறை இடுக்கில் ஒரு மூங்கில் குழாய். அதன் நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கீழே ஒரு குடம், நிறைய எவ்வளவு நேரமாகும் என்று தெரியாமல், ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தது. மழை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

கோண்டாபாய் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். வாசலில் உட்காரச் சொன்னார். எஸ்தரின் கையைப் பிடித்துப் பார்த்து, வளையல் எங்கே வாங்கியது என்று கேட்டார். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் வந்திருந்தேன். கோபம் இல்லை.

“உங்க மதராஸ் பக்கத்து மரமாமே பாவ் இது?” என்றார். “நிழல்கூட ஒழுங்கா விழல.”

பிறகு கட்டைவிரலை நீட்டினார். “ஆள் வந்து வெட்ட ஆரம்பிச்சதும் ஊரே போய் மறிச்சாங்க. அப்ப ஒரு காகிதத்த எடுத்துக் காட்டினான். இந்த வெரலு. எதுக்கும் பயனில்லன்னு உங்க பூசாரிம்மாவே குடுத்திருக்குன்னான். அதோட எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க. இப்ப என் கையால யாரும் பிரசாதம் வாங்கறதில்ல.” என்னிடம் குனிந்து கேட்டார். “நான் எல்லாத்தையும் சொன்னேனே பாவ். நீயும் இருந்தியே. அந்தக் கோராவுக்குப் புரியலையா?”

வழியெல்லாம் மராட்டியில் மூன்று வாக்கியங்கள் தயார்செய்து, பஸ்ஸில் எஸ்தரிடம் ஒப்பித்துக்கூடப் பார்த்திருந்தேன். மூன்றும் நாக்கில் இருந்தன.

“ஆமா, அவருக்குப் புரியல போல” என்றேன்.

கோண்டாபாய் தலையை ஆட்டினார். “பாவம். எங்கேயோ தூரத்து ஆளு. அவனுக்கு என்ன தெரியும்?” ஹென்ரிக்கை அவர் மன்னித்துவிட்டார். பிறகு கோயில் மேடையைக் காட்டினார். “அதையாவது அங்க வந்து சொல்லு பாவ். நாலு பேர் உக்காந்திருக்காங்க. நீ படிச்சவன். நான் சரியாச் சொன்னேன்னு நீ சொன்னா கேப்பாங்க.”

மேடை ஐம்பது அடி தூரம். ஆண்கள் நால்வர் புகையிலை மென்றுகொண்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மணி பார்த்தேன். 2.25. திரும்பும் பஸ் 3.40, இறக்கம் ஐம்பது நிமிடம். பஸ் போய்விடும் என்றேன்.

“அடுத்த பஸ் இருக்குல்ல?” என்று எஸ்தர் தமிழில் கேட்டாள்.

“இல்லை” என்றேன். 5.30க்கு ஒன்று இருந்தது. கோடேகாவ் நிலையத்தில் பலகையைப் பார்த்து என் நோட்டில் நானே எழுதியிருந்தேன்.

இறங்கினோம். கோண்டாபாய் பாதி வழிவரை வந்தார். ஒரு பொட்டலத்தில் கடுக்காய் கட்டிக்கொடுத்தார், இருமலுக்கு. பஸ்ஸில் எஸ்தர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மஞ்சர் தாண்டியபின் ஒரே ஒரு முறை பேசினாள்.

“அந்த வெள்ளைக்காரர் பேரு என்ன?”

“ஹென்ரிக்.”

“நல்ல மனுசன்தானே?”

“ஆமாம்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். அவள் இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எடுத்திருக்கலாம். ஹென்ரிக்கின் அடுத்த அட்டைக்கு நான் பதில் போடவில்லை. அதற்கடுத்த வருடம் அட்டை வரவில்லை.

ஐந்தாவதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, ஆறாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேலே உள்ள நேரமும் கட்டணமும் அந்தக் காலத்தவை. இன்று புறப்படுமுன் பஸ் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். தூரம் மாறாது: சிவாஜிநகரிலிருந்து மஞ்சர் 60, கோடேகாவ் 75, அதற்குமேல் மலைச்சாலை. அந்தச் சாலையின் இருபுறமும் தேவராய்கள் பல உண்டு. ஒரே நாளில் போய்வர முடியுமா என்று கேட்ட வாசகருக்கு: முடியும். ஆனால் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு யாருடனும் பேச முடியாது. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. தோல் பெல்ட், தோல் பர்ஸ், தோல் வார் வைத்த கடிகாரம், கேமரா உறை, எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிடுங்கள். உள்ளே நுழையுமுன் அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்கிறவர் யார் என்று கேட்டு, அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இலைகூட எடுத்துவர வேண்டாம். மராட்டி தெரியும் என்று நினைத்தாலும், மலைப்பக்கத்து ஆள் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போங்கள். எனக்கு இப்போது கால் வராது. மேல்பாதி இன்னும் இருக்கிறது என்று சில வருடங்களுக்கு முன் ஒருவர் சொன்னார். ஊற்றைப் பற்றிக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. கோண்டாபாயைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

கூட்டுத் திட்டங்கள் எல்லாமே கெடுதல் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அதே திட்டத்தில் சாஸ்வட் பக்கம் புல்கூட இல்லாத மேடுகளில் வேம்பும் புங்கனும் வைத்தார்கள். ஹடப்சர் தாண்டிப் போகும்போது பஸ்ஸிலிருந்து அந்தப் பச்சையைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். அங்கே விறகுக்குக் கட்டம் இருந்தது, மரம் வளர்ந்தபின் விறகும் இருந்தது; எண்கள் சரியாக வந்தன.

இனி ஐந்தாவது. வெளிநாட்டு நிபுணர்களுக்கு நம் காடு புரிவதில்லை; அவர்கள் எடுப்பதை எண்ணுகிறார்கள், கொடுப்பதை எண்ண அவர்களிடம் கட்டம் இல்லை. இந்தக் கருத்தை ஓய்வு பெற்ற அன்று மேடையில் சொன்னேன், கைதட்டினார்கள். சபைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். இப்போது நான் இருக்கும் சாங்வியில் காலை நடைக்கு வருகிற நண்பர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரைக்காகவும் அதை இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். மேலே எழுதியதை இன்று காலை முதலிலிருந்து படித்துப் பார்த்தபின் அந்த இரண்டு பக்கத்தையும் நீக்கிவிட்டேன். பட்டியலில் அந்த வரியை அப்படியே விட்டிருக்கிறேன். அடித்துவிட்டால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும்.

ஐந்தாவது தவறு. ஹென்ரிக் கேட்டார். இரண்டு முறை கேட்டார். கீழே போய்ப் பார்க்கலாமா என்றும் கேட்டார். படிவத்தில் நான்கு வரி இடமும் இருந்தது. அவருக்குப் புரியாமல் போகவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். கோண்டாபாய் சரியாகத்தான் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார்.